ஒரே குற்றம், மூன்று குறைந்தபட்சத் தண்டனை

வன்கொடுமை வழக்குகளின் தீர்ப்புச் செய்திகள் பெரும்பாலும் ஒரே மாதிரி முடிகின்றன. இந்தப் பிரிவில் ஐந்தாண்டு, அந்தப் பிரிவில் மூன்றாண்டு, இன்னொன்றில் ஓராண்டு. தண்டனைகளை ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும் என நீதிபதி உத்தரவு. படிக்கிறவர் விரல்விட்டுக் கூட்டி ஒன்பது வருஷம் என்று பேசிக்கொள்கிறார். ஒன்பது அல்ல, ஐந்துதான். ஏக காலம் என்றால் மூன்று தண்டனைகளும் ஒரே நாளில் தொடங்கி அருகருகே நடக்கின்றன. நீளமானது முடிந்தால் எல்லாம் முடிந்தது. இது தெரியாமல் ஊருக்குள் நிம்மதியாக இருந்த குடும்பம், பாதிக் காலத்தில் ஆள் திரும்பி வந்து தெருமுனையில் நிற்கும்போதுதான் விவரம் கேட்டு அலைகிறது.

இது கணக்குப் பிழை மட்டுமல்ல. ஒரே செயலை இரண்டு மூன்று சட்டங்கள் தண்டிக்கின்றன. ஒவ்வொரு சட்டமும் "இதற்குக் குறையாமல்" என்று தனித்தனிக் கீழ்வரம்பு வைத்திருக்கிறது. எந்தக் கீழ்வரம்பு செல்லும், எது கழன்றுபோகும் என்பது காவல் நிலையத்தில் எழுதப்படும் முதல் தகவல் அறிக்கையிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு படிக்கும் பதினைந்து வயது ஆதிதிராவிடர் மாணவி. பள்ளிவிட்டுக் காலனிக்குத் திரும்பும் வழியில், அவளையும் அவள் குடும்பத்தையும் நன்றாகத் தெரிந்த ஊர்த்தெருக்காரர் ஒருவர் மறித்துப் பாலியல் நோக்கத்தோடு தொடுகிறார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(டபிள்யூ) பிரிவின்படி இதற்குக் குறைந்தது ஆறு மாதம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 74-வது பிரிவின்படி, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 354-இன்படி, குறைந்தது ஓராண்டு. போக்சோ சட்டத்தின் 8-வது பிரிவின்படி குறைந்தது மூன்றாண்டு. மேல்வரம்பு மூன்றிலும் ஐந்தாண்டுதான்.

இதைப் பார்த்துச் சட்டக் கல்லூரி மாணவர்கள் சிலர் திகைக்கிறார்கள். சாதியை அறிந்து செய்த குற்றத்துக்கென்றே வந்த சட்டத்தின் கீழ்வரம்பு, எல்லாப் பெண்களுக்கும் பொதுவான சட்டத்தின் கீழ்வரம்பில் பாதியாக இருக்கிறதே என்று. காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1989-இல் வன்கொடுமைச் சட்டம் இயற்றப்பட்டபோது 354-வது பிரிவுக்குக் கீழ்வரம்பே கிடையாது, மேல்வரம்பும் இரண்டாண்டுதான். அன்று ஆறு மாதம் என்பது ஒரு முன்னேற்றம். டெல்லி மாணவி கொலைக்குப் பிறகு 2013-இல் பொதுச் சட்டத்தை ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை என உயர்த்தினார்கள். 2015-இல் வன்கொடுமைச் சட்டத்தைத் திருத்திப் பல புதிய குற்றங்களைச் சேர்த்த நாடாளுமன்றம், ஆறு மாதத்தை அப்படியே விட்டுவிட்டது. சேரிப் பெண்ணின் மானத்துக்கு விலை குறைவு என்று யாரும் திட்டமிட்டு எழுதவில்லைதான். ஆனால் திருத்தும்போது பக்கத்துச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை என்பதும் ஒரு செய்திதான்.

சரி, மூன்றும் நிரூபணமானால் நீதிமன்றம் என்ன செய்யும்? ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டனை கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 20(2). பொது விதிகள் சட்டத்தின் 26-வது பிரிவும் அதையே சொல்கிறது: இரண்டு சட்டங்களின்கீழ் வரும் செயலை எதன்கீழும் விசாரிக்கலாம், தண்டனை இரட்டிக்கக் கூடாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் இந்த இரண்டையும் தூக்கிப் பிடித்து வன்கொடுமைப் பிரிவை உதிர்க்கப் பார்ப்பார்கள். அதற்குப் பதில் 1961-இலேயே வெளியான பம்பாய் மாநிலம் எதிர் ஆப்தே வழக்கின் தீர்ப்பில் இருக்கிறது. செயல் ஒன்றாக இருந்தால் போதாது, குற்றத்தின் கூறுகளும் ஒன்றாக இருந்தால்தான் அது "அதே குற்றம்". பட்டியல் சாதிப் பெண் என்று தெரிந்தே செய்தது வன்கொடுமைப் பிரிவின் கூறு. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவள் என்பது போக்சோவின் கூறு. ஒன்றுக்குள் மற்றொன்று அடங்காது. ஆகவே எல்லாப் பிரிவுகளிலும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கலாம். ஒரே செயல் பல விளக்கங்களுக்குள் வரும்போது, அவற்றில் ஒன்றுக்கு விதிக்கக்கூடிய தண்டனையை மொத்தத் தண்டனை மிஞ்சக் கூடாது என்பது பழைய சட்டத்தின் 71-வது பிரிவு, புதியதில் 9. அதனால்தான் பெரும்பாலும் "ஏக காலம்". கீழ்வரம்புகளில் உயர்ந்தது, இங்கே மூன்றாண்டு, நின்றுவிடும்.

போக்சோவுக்கென்று 42-வது பிரிவு தனியாக இருக்கிறது. ஒரே செயல் போக்சோவிலும், பெயர் குறிப்பிட்ட சில தண்டனைச் சட்டப் பிரிவுகளிலும் வந்தால், எது கடுமையானதோ அந்தத் தண்டனை. அடுத்து வரும் 42-ஏ, முரண்பாடு வந்தால் போக்சோவே மேலோங்கும் என்கிறது. உத்தரப் பிரதேசத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 42-ஏவைக் காட்டி, போக்சோவின் குறைந்த தண்டனையே எனக்குப் போதும் என்று வாதாடினார் குற்றவாளி. 42-ஏ நடைமுறை தொடர்பானது, தண்டனையின் அளவை 42-தான் தீர்மானிக்கும் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. நல்ல தீர்ப்பு. ஆனால் 42-வது பிரிவின் பட்டியலைப் படித்துப் பாருங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பெயர் அதில் இல்லை. இந்தச் சட்டமோ தன் 20-வது பிரிவில், வேறு எந்தச் சட்டம் என்ன சொன்னாலும் நானே மேல் என்கிறது. இரண்டு சட்டங்களும் ஒன்றையொன்று பாராமல் "நானே மேல்" என்று சொல்லிக்கொண்டு நிற்கின்றன. எந்தச் சிறப்பு நீதிமன்றம் விசாரிப்பது என்பதில்கூட இழுபறி இருந்தது. உயர் நீதிமன்றங்கள் பல, போக்சோ நீதிமன்றமே இரண்டையும் சேர்த்து விசாரிக்கட்டும் என்று முடிவு சொல்லியிருக்கின்றன.

அப்படியானால் மூன்றாண்டு போக்சோவே போதுமே, ஆறு மாத வன்கொடுமைப் பிரிவு எதற்கு என்று காவல் நிலையத்தில் நயமாகக் கேட்பார்கள். "பி.சி.ஆர். கேஸ் எதுக்குங்க, இதுவே பெரிய செக்‌ஷன்தான்" என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தப் பிரிவு இருந்தால்தான் முன்ஜாமீன் கதவு மூடும். விசாரணை டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரியிடம் போகும். அரசின் தீருதவித் தொகை கிடைக்கும். ஜாமீன் முதல் தண்டனை வரை எந்தக் கட்டத்திலும் பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் நீதிமன்றம் முடிவெடுக்க முடியாது. 15-ஏ பிரிவின் இந்த உரிமை கட்டாயமானது என்று 2021-இல் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பதினெட்டு வயதைக் கடந்த குற்றவாளியை நன்னடத்தைச் சட்டப்படி எச்சரித்து விடுவதையும் 19-வது பிரிவு தடுக்கிறது. ஆறு மாதம் என்ற எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது.

சின்னக் குற்றங்களின் கதை இது. பெரிய குற்றங்களில் நிலைமை தலைகீழ். 3(2)(வி) பிரிவைப் பாருங்கள். (அது ரோமன் ஐந்து, காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் "வி" என்றே படிக்கிறார்கள், நாமும் அப்படியே எழுதுகிறோம்.) தண்டனைச் சட்டத்தில் பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டிக்கத்தக்க குற்றத்தைப் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் ஒருவருக்கோ அவர் சொத்துக்கோ எதிராகச் செய்தால், ஆயுள் தண்டனை. "வரை" என்ற சொல்லே கிடையாது. கீழ்வரம்பும் மேல்வரம்பும் ஒன்றே. கொலை முயற்சி வழக்கில் இதன் கனம் தெரியும். தனியாகப் பார்த்தால் கொலை முயற்சிக்குக் கீழ்வரம்பே இல்லை. மூன்றாண்டு கொடுத்தும் முடிக்கலாம். கூடவே 3(2)(வி) நிரூபணமானால் ஆயுளுக்குக் குறைந்து ஒரு நாள்கூடக் குறைக்க முடியாது. மூன்றாண்டுக்கும் ஆயுளுக்கும் நடுவே நீதிபதிக்குப் படிக்கட்டே இல்லை.

இங்கேதான் நம் சந்தேகம் எழுகிறது. தண்டனையைக் குறைக்க வழியில்லாதபோது, பிரிவையே கழற்றிவிடும் மனப்போக்கு நீதிமன்றங்களில் வளர்ந்திருக்கிறதோ? 2016-க்கு முன் அந்தப் பிரிவில் "பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்ற காரணத்தால்" என்றிருந்தது. 2006-இல் தினேஷ் எதிர் ராஜஸ்தான் வழக்கு. பாதிக்கப்பட்டது ஒரு சிறுமி. சாதிக் காரணத்தால்தான் செய்தார் என்பதற்குச் சான்றில்லை என்று 3(2)(வி) நீக்கப்பட்டது. ஆயுள் தண்டனைக்கு அடிப்படையான பிரிவு போனதும் வழக்கு, குறைந்தது பத்தாண்டு என்னும் பொதுப் பிரிவுக்கு இறங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் கைர்லாஞ்சியில் ஒரே தலித் குடும்பத்தின் நால்வர் ஊர் கூடிக் கொல்லப்பட்டார்கள். விசாரணை நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கும் இருவருக்கு ஆயுளும் விதித்தது. ஆனால் வன்கொடுமைச் சட்டம் பொருந்தாது என்றது. 2010-இல் உயர் நீதிமன்றம் தூக்கைக் குறைத்து 25 ஆண்டு சிறை என்றது. அதுவும் இது பழிவாங்கல், சாதி காரணமல்ல என்றே எழுதியது. தூக்குத் தண்டனை வரை போன நீதிமன்றத்தின் கண்ணுக்குச் சாதி மட்டும் தெரியவில்லை.

2021 ஏப்ரலில் வந்த பட்டான் ஜமால் வலி வழக்கு இன்னும் நுட்பமானது. ஆந்திராவில் பார்வையற்ற பட்டியல் சாதி இளம்பெண் வன்புணரப்பட்ட வழக்கு. பெண், பார்வையற்றவர், தலித் என்ற மூன்று அடையாளங்களும் பின்னிப் பிணைந்தே ஒருவரை ஒடுக்குகின்றன. "காரணத்தால்" என்பதை "அந்த ஒரே காரணத்தால்" என்று படிக்கக் கூடாது என்று நீதிபதி சந்திரசூட் விரிவாக எழுதினார். நம்மூர் மாணவர்கள் அவசியம் தேடிப் படிக்க வேண்டிய பக்கங்கள் அவை. எழுதிவிட்டு, சாதி குறித்துத் தனிச் சான்று வைக்கப்படவில்லை என்று 3(2)(வி) தண்டனையை அந்தத் தீர்ப்பே ரத்தும் செய்தது. பொதுச் சட்டத்தின் ஆயுள் தண்டனை நின்றது. ஆகவே அவர் சிறையில்தான் இருப்பார். காலத்தில் நமக்கு இழப்பில்லை. குற்றத்தின் பெயரில் இழப்பு.

2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இந்த முடிச்சைப் பெருமளவு அவிழ்த்துவிட்டது. "காரணத்தால்" போய் "என்று அறிந்து" வந்தது. அதோடு 8(சி) பிரிவின்படி, பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ குற்றம் சாட்டப்பட்டவர் நேரடியாக அறிந்திருந்தால், சாதியும் தெரிந்திருந்தது என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும். தெரியாது என்று காட்டும் பொறுப்பு அவருடையது. ஊரும் சேரியும் தனித்தனியாக இருக்கிற நாட்டில், எந்தப் பக்கத்திலிருந்து நடந்து வருகிறார் என்பதை வைத்தே சாதி சொல்லிவிடுவார்கள். ஆயினும் சாட்சி வாக்குமூலத்தில் "எங்கள் சாதி அவருக்குத் தெரியும், இன்ன வகையில் தெரியும்" என்ற வரி இல்லாவிட்டால் 8(சி) பிடிக்க ஆதாரம் கிடைக்காது. அவர் வயலில் எத்தனை ஆண்டு கூலி வேலை செய்தோம், அவர் கடையில் எப்படிக் கணக்கு வைத்தோம் என்பதெல்லாம் வழக்கில் பேச வேண்டிய விஷயங்கள்.

ஒரு பள்ளத்தையும் சொல்ல வேண்டும். 3(2)(வி) தண்டனைச் சட்டக் குற்றங்களை மட்டுமே குறிக்கிறது, போக்சோவைக் குறிக்கவில்லை. சிறுமி வன்புணர்வு வழக்கில் போக்சோவும் வன்கொடுமைச் சட்டமும் மட்டும் எழுதி, பாரதிய நியாய சன்ஹிதாவின் 64 அல்லது 65-ஐ விட்டுவிட்டால் 3(2)(வி)-யை மாட்ட ஆணியே இல்லை. போக்சோவின் கடுங்குற்றப் பட்டியலில் உடல் ஊனம், வயது, உறவுமுறை, கும்பல் எல்லாம் இருக்கின்றன, சாதி இல்லை. இன்னொரு பக்கம், வயது நிரூபணமாகாமல் போக்சோ விழுந்துவிட்டாலும் பொதுப் பிரிவு இருந்தால்தான் வழக்கு தாங்கும். 2023-இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் பள்ளி மாற்றுச் சான்றிதழை வைத்து வயதை நிரூபிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் போக்சோ தண்டனையை ரத்து செய்தது. பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று, அவை இல்லையேல் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று, எதுவுமில்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. வீட்டுப் பிரசவம் நடந்த குடும்பங்கள் பிறப்பைப் பதிந்து வைப்பது இதற்காகவும்தான்.

கீழ்வரம்பு உண்மையிலேயே கீழ்வரம்புதானா? 2019 பிப்ரவரியில் மத்தியப் பிரதேசத்தின் விக்ரம் தாஸ் வழக்கில் அதற்கு நேரான பதில் வந்தது. தலித் பெண்ணை மானபங்கம் செய்ததற்கு விசாரணை நீதிமன்றம் விதித்தது சட்டத்தின் குறைந்தபட்சமான ஆறு மாதம், ஐந்நூறு ரூபாய் அபராதம். உயர் நீதிமன்றம், சிறையில் இருந்த 11 நாளே போதும் என்று விட்டு, அபராதத்தை 3,000 ரூபாயாக்கியது. ஆறு மாதத்துக்கும் பதினொரு நாளுக்கும் இடையே உள்ள வித்தியாசத்துக்கு 2,500 ரூபாய் என்று கணக்குப் போட்டால் கோபம்தான் வருகிறது. சட்டம் குறைந்தபட்சம் சொன்ன இடத்தில் அதற்குக் கீழே போக உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தனக்கே உள்ள 142-வது பிரிவின் சிறப்பு அதிகாரத்தையும் அத்தகைய இடத்தில் பயன்படுத்துவது பொருத்தமல்ல என்று ஏற்கெனவே அது சொல்லியிருந்தது.

ஆனால் முன்வாசலை அடைத்தவர்கள் பின்வாசலைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். 2021 அக்டோபரில் ராமவதார் வழக்கு: நிலத் தகராறில் சாதி சொல்லித் திட்டியதற்கு ஆறு மாதத் தண்டனை பெற்றவர், ராஜியாகிவிட்டோம் என்று உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார். 142-ஐப் பயன்படுத்தி வழக்கே ரத்து செய்யப்பட்டது. மிரட்டலால் வந்த ராஜியா என்று நீதிமன்றங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும் என எச்சரிக்கையும் சேர்த்தார்கள். தண்டனையை ஆறு மாதத்துக்குக் கீழே குறைக்க முடியாது, முழுவதுமாக இல்லாமல் ஆக்கலாம் என்றாகிறது. ராஜி எப்படி வருகிறது என்று கிராமத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலைக்குக் கூப்பிடாமல் நிறுத்தினால் போதும்.

கடுமையான கீழ்வரம்பு எப்போதும் நம் பக்கமே நிற்கும் என்றும் நினைத்துவிடக் கூடாது. பதினேழு வயதுச் சாதி இந்துப் பெண்ணும் இருபது வயது தலித் இளைஞனும் காதலித்து ஊரைவிட்டுப் போனால், பெண் வீட்டார் முதலில் தேடுவது போக்சோவைத்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதில் குறைந்தபட்சம் பத்தாண்டு. பெண் பதினாறுக்குக் குறைந்தவர் என்றாலோ கர்ப்பமாகிவிட்டாலோ இருபதாண்டு. காதல் என்று தெரிந்தாலும், பெண்ணே வந்து சொன்னாலும் விசாரணை நீதிபதிக்கு அதற்குக் கீழே இறங்க வழியில்லை. 2021-இல் விஜயலட்சுமி வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், வளரிளம் பருவத்துக் காதலைத் தண்டிக்க எழுதப்பட்ட சட்டமல்ல இது என்று வழக்கை ரத்து செய்தார். 2025 மே மாதம் மேற்கு வங்க வழக்கொன்றில், இருபதாண்டு பெற்றவருக்கு உச்ச நீதிமன்றம் குற்றத்தை உறுதி செய்த பின்னும் 142-ஐ எடுத்துத் தண்டனையே வேண்டாம் என்றது. மனிதாபிமானம் சரிதான். ஆனால் அந்த மனிதாபிமானத்துக்காக டெல்லி வரை போக வேண்டியிருக்கிறது. நம் பையன்களில் எத்தனை பேரால் போக முடியும்? கீழ்வரம்பை உயர்த்து என்று மேடைக்கு மேடை முழங்குகிற நாம், அது யார் தலையில் விழுகிறது என்றும் பார்த்துப் பேச வேண்டும். ஆறு மாதத்தை ஓராண்டாக்கு என்ற கோரிக்கை நியாயமானது. எல்லாவற்றையும் இருபதாண்டாக்கு என்பதில் நமக்கு உடன்பாடில்லை.

ஆயுள் தண்டனைகளிலும் கூட்டல் கணக்கு செல்லாது. கோகுல்ராஜ் கொலை வழக்கில் 2022-இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் முதல் குற்றவாளிக்கு மூன்று ஆயுள் தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆயுள்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்கச் சொல்ல முடியாது, ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்துதான் நடக்கும் என்று முத்துராமலிங்கம் என்ற தமிழ்நாட்டு வழக்கிலேயே 2016-இல் அரசியல் சாசன அமர்வு தீர்த்துவிட்டது. இருந்தும் மூன்றும் தனித்தனியே எழுதப்படுவதில் பயன் இருக்கிறது. மேல்முறையீட்டில் ஒரு பிரிவு விழுந்தாலும் மற்றது பிடித்து நிறுத்தும். அவற்றில் ஒன்று 3(2)(வி) ஆக இருந்தால், அந்தக் கொலை சாதிக் கொலை என்பது ஆவணத்தில் நிற்கும்.

வழக்கு நடத்தும் குடும்பங்களுக்கு இரண்டு மூன்று காரியங்கள் உண்டு. எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கியதும் மூன்று சட்டங்களும் அதில் இருக்கின்றனவா என்று ஒரு படித்த பிள்ளையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விடுபட்டிருந்தால் குற்றப்பத்திரிகைக்கு முன்பே டி.எஸ்.பி.யிடம் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வட்டாட்சியரின் சாதிச் சான்றிதழ் வழக்குக் கட்டில் சேர்ந்ததா என்று கேளுங்கள். குற்றவாளி என்று அறிவித்தபின் தண்டனையின் அளவு பற்றி நீதிபதி தனியாகக் கேட்பார். அப்போது குற்றவாளி வயதான தாய், சின்னக் குழந்தைகள் என்று சொல்வார். பாதிக்கப்பட்டவரும் அன்று பேசலாம், எழுத்துப்பூர்வமாகவும் தரலாம் என்கிறது 15-ஏ(5). பெரும்பாலான வழக்குகளில் அந்த நாளன்று நம் தரப்பில் யாரும் நீதிமன்றத்தில் இருப்பதில்லை. எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு குறைந்தபட்சம், நடந்ததால் படிப்பு எங்கே நின்றது, குடும்பம் ஊரைவிட்டுப் போனதா என்பதை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, அரசு வழக்கறிஞர் வழியாக முன்கூட்டியே கொடுத்துவிடலாம். தமிழிலேயே எழுதலாம்; நம் கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ்தான்.